ஆற்றில் இட்டதும் குளத்தில் எடுப்பதும்

விருத்தாசலத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காகவே போகிறார்கள். ஒன்று, பழமலைநாதரைத் தரிசிப்பது. மற்றொன்று, ரயில் மாறுவது. நாம் சமீபத்தில் அங்கே சென்றது இவ்விரண்டுக்கும் அல்ல. பீங்கான் செய்வதைப் பார்ப்பதற்காகச் சென்றோம். சென்ற பிறகு பழமலைநாதரையும் தரிசித்தோம். திரும்பும்போது ரயிலுக்காக வெகு நேரம் காத்துக்கொண்டும் இருந்தோம்.

அவ்வூரில் பீங்கான் தொழிலுக்கென்றே ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது. அதைக் கற்பிக்க அரசினர் கல்விக்கூடமும் இருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது கிடைக்கும் வெண்களிமண் இத்தொழிலுக்கு ஓர் ஆதாரம். நம் வீட்டுக் கொலுவில் வீற்றிருக்கும் பொம்மையும், கார்த்திகைக்கு ஏற்றும் அகல் விளக்கும், மின்சாரப் பெட்டியில் உள்ள வெள்ளைப் பியூஸ் கட்டையும் அந்த ஊர்ச் சூளையில் வெந்து வந்தவையாக இருக்கலாம்.

ஒரு பட்டறையில் பொம்மை வார்ப்பதை நின்று பார்த்தோம். மண்ணை நீரில் கரைத்துப் பாயசப் பதமாக்கி, பிளாஸ்டர் அச்சினுள் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, ஓரத்தில் மண் தோல்போலப் படிகிறது. நடுவில் எஞ்சியதைச் சாய்த்துக் கொட்டிவிட்டால், உள்ளே கூடான பொம்மை ஒன்று நிற்கிறது. அதை உலர்த்திச் சூளையில் இடுகிறார்கள். வார்த்துக்கொண்டிருந்தவர் அறுபது வயதுக்கு மேற்பட்ட பெரியவர். கையைத் துடைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார்.

"ஐயா பத்திரிகையிலே எழுதறவங்கன்னு சொன்னாங்க. ஒரு சங்கதி கேக்கலாமுங்களா?"

"தாராளமாகக் கேளுங்கள்."

"நாங்க பொம்மை வாக்கற மாதிரி கிட்னியையே வாத்து எடுக்கறாங்களாமே, நெசந்தானுங்களா?"

அவருடைய தம்பி மகனுக்கு வயது இருபத்தாறு. இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி, வாரத்துக்கு மூன்று தடவை இயந்திரத்தின் மூலம் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறான். இந்த நிலைமையில் யாரோ ஒருவர் வந்து, நகரத்தில் ஓரிடத்தில் 'ஸ்டெம் செல்' ஊசி போடுகிறார்கள், சிறுநீரகம் உள்ளேயே புதிதாக வளர்ந்துவிடும், சில லட்சம் செலவாகும் என்று சொல்லிப் போயிருக்கிறார்.

"ஒண்ணரைக் காணி நெலம் இருக்குதுங்க. வித்துடலாமான்னு தம்பி கேக்கறான். நீங்க என்ன சொல்றீங்க?"

நாம் அன்று சொன்ன பதில் அரைகுறையானது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்பது ஒரு காரணம். விஷயத்தைச் சரியாக விசாரிக்காமல் ஒருவருடைய நிலத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லத் தைரியம் வரவில்லை என்பது மற்றொரு காரணம். இப்போது விசாரித்துவிட்டோம். முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறோம். அவர் வீட்டில் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பேத்தி ஒருத்தி இருக்கிறாள். படித்துக் காட்டுவாள் என்று நம்புகிறோம். வேறு பல வீடுகளிலும் இதே கேள்வி இருக்கக்கூடும்.

முதலாவதாக, ஆராய்ச்சிச் சாலையில் உறுப்பு வளர்ப்பது என்பது கட்டுக்கதை அல்ல. ஒருவருடைய உறுப்பை மற்றொருவருக்குப் பொருத்துவதில் உள்ள பெரிய தொல்லை, சரீரம் அந்நியப் பொருளை ஏற்க மறுப்பதுதான். 1954-ம் வருஷம் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் சிறுநீரக மாற்று முதன்முதலில் வெற்றி பெற்றபோது, கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற இரட்டைப் பிள்ளைகள். ஆகையால் சரீரம் மறுக்கவில்லை. நம் தேசத்தில் 1971-ம் வருஷம் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தச் சிகிச்சை வெற்றி கண்டது. இரட்டைப் பிறவி அல்லாத மற்றவர்கள் அந்த மறுப்பை அடக்குவதற்கு ஆயுள் முழுவதும் மருந்து சாப்பிட வேண்டும். நோயாளியின் சொந்த ஜீவ அணுக்களைக் கொண்டே உறுப்பை வளர்த்துவிட்டால் மறுப்பும் இராது, மருந்தும் வேண்டாம் அல்லவா? அந்த ஆசையிலிருந்து பிறந்ததுதான் இந்த ஆராய்ச்சி.

அந்த ஆசை சில இடங்களில் பலித்தும் இருக்கிறது. 1975-ம் வருஷத்தில் ஹோவர்ட் கிரீன் என்பவரும் அவருடைய சகாவும் மனிதத் தோலின் அணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கும் வழியைக் கண்டார்கள். 1983-ல், உடம்பு ஏறக்குறைய முழுவதும் வெந்துபோன இரண்டு சிறுவர்களுக்கு, அவர்களிடமே எஞ்சியிருந்த சிறிதளவு தோலிலிருந்து புதுத் தோல் வளர்த்துப் போர்த்திக் காப்பாற்றினார்கள். பிறகு அந்தோனி அட்டாலா என்னும் அமெரிக்க வைத்தியரும் அவர் குழுவினரும், குழந்தைகளும் இளைஞர்களுமாக ஏழு பேருக்கு, அவரவர் அணுக்களைக் கொண்டே மூத்திரப் பையை வளர்த்துப் பொருத்தி, 2006-ம் வருஷம் அதன் விவரத்தை வெளியிட்டார்கள்.

நம் தேசமும் இதில் பின்தங்கிவிடவில்லை. கண்ணில் சுண்ணாம்போ அமிலமோ பட்டுக் கருவிழி வெளுத்துப் போனவர்கள் அநேகர். அத்தகையவர்களின் நல்ல கண்ணில் கருவிழியின் ஓரத்திலிருந்து மிகச் சிறு துணுக்கை எடுத்து, பிரசவத்தில் கழியும் பனிக்குடச் சவ்வின்மேல் வளர்த்து, கெட்ட கண்ணில் ஒட்டும் சிகிச்சையை ஹைதராபாத் எல். வி. பிரசாத் கண் நிலையத்தார் 2001-ம் வருஷம் முதல் செய்து வருகிறார்கள். இவ்வாறு சிகிச்சை பெற்ற 200 கண்களைப் பற்றி 2011-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கில், நூற்றுக்கு 71 கண்களில் பலன் நிலைத்தது. அதே நிலையத்தார் ஹைதராபாத்தில் உள்ள ஐ.ஐ.டி.யுடனும் அணு உயிரியல் ஆராய்ச்சி மையத்துடனும் சேர்ந்து, 2022-ம் வருஷம் கருவிழியையே யந்திரத்தில் அச்சிட்டு, ஒரு முயலின் கண்ணில் பொருத்திப் பார்த்தார்கள்.

இவ்வளவு செய்கிறவர்கள் சிறுநீரகத்தையும் செய்துவிடக் கூடாதா என்றுதான் எவரும் கேட்பார்கள். இதற்கு விடையை நம் விருத்தாசலத்துப் பெரியவரே நன்றாக அறிவார். மெல்லிய பொம்மை சூளையில் சுகமாக வேகும். உள்ளே கூடில்லாமல் கனமாக மண்ணை அப்பிச் செய்த பொம்மை வெடித்துவிடும். உள்ளே உள்ள ஈரம் வெளியே வர வழியில்லை. உறுப்பு வளர்ப்பதிலும் இதுதான் சங்கடம். ஆனால் இங்கே வெளியே வர வேண்டியது மட்டுமல்ல, உள்ளே போக வேண்டியதும் இருக்கிறது. ஒவ்வொரு ஜீவ அணுவுக்கும் பிராணவாயுவும் ஆகாரமும் வந்துகொண்டே இருக்க வேண்டும். ரத்தக் குழாயிலிருந்து இரண்டு மூன்று தலைமயிர்களின் கனத்துக்கு அப்பால் போய்விட்டால் அணு பட்டினி கிடந்து சாகிறது. தோலும் கருவிழியும் மூத்திரப் பையும் மெல்லியவை. பக்கத்திலிருந்து ஊறிவருவதைக் கொண்டே சமாளித்துக்கொள்ளும். சிறுநீரகமும் ஈரலும் இருதயமும் கெட்டியானவை. அவற்றுக்குள் மயிரினும் மெல்லிய குழாய்கள் கோடிக்கணக்கில் ஓட வேண்டும். உருவத்தை வார்ப்பது எளிது. குழாய்களை ஓடவிடுவதுதான் கடினம்.

ஒரு சிறுநீரகத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. 2006-ம் வருஷம் ஜப்பானிய விஞ்ஞானி யாமனாக்கா, சாதாரணத் தோல் அணுவைக் கருவின் ஆதி அணுவைப்போல் எதுவாகவும் மாறக்கூடிய மூல அணுவாகத் திருப்பும் வித்தையைக் கண்டறிந்தார். அதற்காக 2012-ல் நோபல் பரிசு பெற்றார். அந்த அணுக்களைக் கொண்டு 2015-ல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் சிறுநீரகத்தின் சிறு வித்து ஒன்றை வளர்த்தார்கள். அதில் வடிகட்டிகள் உண்டு. எண்ணிக்கையோ நூறு அளவில்தான். சுத்தம் செய்ய ரத்தம் வந்து சேரவும் வழியில்லை, சிறுநீர் வெளியேறவும் வழியில்லை. மருந்துகளைச் சோதிப்பதற்கும் வியாதியின் போக்கை அறிவதற்கும் அது மிகுந்த பிரயோஜனம் உள்ளது. நோயாளியின் வயிற்றில் வைத்துத் தைப்பதற்கு உகந்தது அன்று. ஆகவே, ஆராய்ச்சிச் சாலையில் வளர்த்த முழுச் சிறுநீரகம் மனிதருக்குப் பொருத்தப்பட்டது என்று எவரேனும் சொன்னால், அவர் நடக்காததைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

பன்றியின் சிறுநீரகத்தை மரபணு மாற்றம் செய்து மனிதருக்குப் பொருத்தும் முயற்சி தனி. 2024-ம் வருஷம் மார்ச்சு மாதம் பாஸ்டனில் அது செய்யப்பட்டது. பெற்றவர் ஏறக்குறைய இரண்டு மாதம் ஜீவித்திருந்தார். அதுவும் ஆரம்ப தசையில் இருக்கும் முயற்சியே.

இந்த இடத்தில் பீங்கானுக்கும் ஒரு பெருமை இருப்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. நம் எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சுண்ணாம்புச் சத்தும் பாஸ்வரமும் கலந்த ஒரு வகைக் கல்தான். அதே பொருளைச் செயற்கையாகச் செய்து, நுண்துளைகள் உள்ளதாகச் சூளையில் சுட்டு, எலும்பு போன இடத்தில் வைத்தால், துளைகளுக்குள் எலும்பின் அணுக்கள் நுழைந்து குடியேறிவிடுகின்றன. 1970-ம் வருஷம் பிரெஞ்சு வைத்தியர் பியேர் பூத்தான், அலுமினா என்னும் கெட்டிப் பீங்கானால் இடுப்பு மூட்டின் பந்தைச் செய்து பொருத்தினார். இங்கிலீஷ்காரர்கள் மாட்டெலும்பைச் சுட்ட சாம்பலைக் களிமண்ணோடு கலந்து தேநீர்க் கோப்பை செய்தார்கள். இப்போது அதே சூளை வித்தை மனிதனுக்கு எலும்பு செய்து கொடுக்கிறது. நம் தேசத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தார் இத்தகைய எலும்புப் பீங்கானைத் தயாரித்திருக்கிறார்கள்.

அந்த நிலையத்தாரின் மற்றொரு சரித்திரமும் நம் கேள்விக்கு மிகவும் வேண்டியது. வெளிநாட்டு இருதய வால்வு ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்ததால், டாக்டர் வலியத்தானின் தலைமையில் நாமே ஒன்று செய்வது என்று தொடங்கினார்கள். முதல் மாதிரி தோற்றது. இரண்டாவதும் மூன்றாவதும் தோற்றன. அவர்கள் தோல்வியை மறைக்கவில்லை. அரைகுறையானதை நோயாளியின் மார்பில் வைத்துப் பார்க்கவும் இல்லை. நான்காவது மாதிரியை ஆடுகளுக்குப் பொருத்தி, நன்றாகச் சோதித்து, அதன் பிறகே 1990-ம் வருஷம் டிசம்பரில் முதல் மனிதருக்குப் பொருத்தினார்கள். இன்று வரை ஒரு லட்சம் பேருக்கு மேல் அந்த வால்வினால் பிழைத்திருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான கதை ஸ்வீடன் தேசத்தில் நடந்தது. பாவ்லோ மக்கியரினி என்னும் ரண வைத்தியர், பிளாஸ்டிக்கினால் செய்த மூச்சுக்குழாயில் நோயாளியின் மூல அணுக்களைத் தூவிப் பொருத்தினால் அது உயிருள்ள குழாயாகிவிடும் என்றார். 2011-ம் வருஷம் உலகப் பத்திரிகைகள் எல்லாம் புகழ்ந்தன. பிராணிகளிடம் முறையாகச் சோதித்துப் பார்க்கவில்லை. அங்கே அவர் பொருத்திய மூவரும் பின்னர் இறந்துபோனார்கள். 2023-ம் வருஷம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை வருஷச் சிறைத் தண்டனை விதித்தது.

விருத்தாசலத்துக் கோயிலில் ஒரு வன்னி மரம் இருக்கிறது. விபசித்து முனிவர் திருப்பணி செய்த காலத்தில், வேலை செய்தவர்களுக்குக் கூலியாக அம்மரத்தின் இலைகளைக் கொடுப்பாராம். உண்மையாக உழைத்தவனுடைய கையில் அது உழைப்புக்கு ஏற்ற பொன்னாகும். உழைக்காதவனிடம் வெறும் இலையாகவே நிற்கும் என்பது ஐதிகம். திருவனந்தபுரத்தார் கையில் இலை பொன்னானதற்கும், ஸ்வீடனில் அது சருகாய் உதிர்ந்ததற்கும் காரணம் இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது.

இனி அந்த ஊசிக்கு வருவோம். மஜ்ஜையில் ரத்தத்தை உற்பத்தி செய்யும் மூல அணுக்களை மாற்றி வைப்பது, குறிப்பிட்ட சில வியாதிகளுக்கு நெடுநாளாக நிலைபெற்ற சிகிச்சை. ஆனால் பழுதுபட்ட சிறுநீரகத்தை வளரச் செய்யும் 'ஸ்டெம் செல்' ஊசி அங்கீகாரம் பெற்ற சிகிச்சை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 2017-ம் வருஷம் வெளியிட்ட விதிகளின்படி, அங்கீகாரம் பெறாத இத்தகைய முயற்சிகளைச் சோதனையாக மட்டுமே, முறையான அனுமதியுடன் நடத்தலாம். சோதனைக்கு உட்படுகிறவரிடம் அதற்காகப் பணம் வாங்கலாகாது. ஆகையால் எவரேனும் லட்சக் கணக்கில் கேட்டால், அந்தப் பணமே அவர்களுடைய வார்த்தை பொய் என்பதற்குச் சாட்சி.

பெரியவருக்கு நம் பதில் இதுதான்: நிலத்தை விற்க வேண்டாம்.

விற்று வேறொருவருடைய சிறுநீரகத்தை வாங்கலாமா என்றும் சிலர் யோசனை சொல்லக்கூடும். அதுவும் வேண்டாம். சென்னையில் வில்லிவாக்கத்துக்கு 'கிட்னிவாக்கம்' என்று பரிகாசப் பெயர் வரும்படி ஏழைகள் உறுப்பை விற்ற காலம் ஒன்று இருந்தது. 1994-ம் வருஷச் சட்டம் அந்த வியாபாரத்தைக் குற்றமாக்கியது. இருந்தும் 2025-ம் வருஷம் நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்தில், கடன் தொல்லை தாங்காமல் விசைத்தறித் தொழிலாளர்கள் தரகர்களிடம் சிக்கிச் சிறுநீரகத்தை விற்ற செய்தி வெளிவந்தது. சுயராஜ்யம் பெற்ற தேசத்தில் ஒரு தொழிலாளி தன் கடனை அடைக்கச் சரீரத்தின் ஒரு பாகத்தை அறுத்துக் கொடுக்கிறான் என்றால், அதைப் படித்துவிட்டு நாம் நிம்மதியாகக் காப்பி அருந்திக்கொண்டிருக்க முடியாது. ஒரு குடும்பத்தின் துயரத்தை மற்றொரு குடும்பத்தின் மடியில் கொட்டுவது பரிகாரம் ஆகாது.

அப்படியானால் என்ன செய்வது? தாய், தகப்பன், உடன்பிறந்தார், மனைவி முதலிய நெருங்கிய பந்துக்கள் மனமுவந்து கொடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. அது இயலாவிட்டால், தமிழ்நாடு அரசாங்கத்தின் உறுப்பு மாற்று ஆணையத்தில் மருத்துவமனை மூலமாகப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ரத்த சுத்திகரிப்புக்கும் சிறுநீரக மாற்றுக்கும் உதவி உண்டு. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பெற்றுப் பங்கிடும் ஏற்பாடு நம் மாகாணத்தில் 2008-ம் வருஷம் தொடங்கியது. 2014 ஜூன் மாதத்தில் சென்னை அரசினர் பொது மருத்துவமனையிலிருந்து ஓர் இருதயத்தை, வழியெல்லாம் போக்குவரத்தை நிறுத்தி, பதினான்கு நிமிஷத்துக்குள் அடையாறுக்குக் கொண்டு சேர்த்தார்கள். 2023-ம் வருஷம் முதல் உறுப்புத் தானம் செய்தவரின் இறுதிச் சடங்குக்கு அரசாங்க மரியாதை அளிக்கப்படுகிறது. 2024-ம் வருஷத்தில் மட்டும் 268 பேருடைய குடும்பத்தார் தானம் செய்தார்கள். அவ்வருஷம் இந்தியாவிலேயே அதிகமானது அதுதான்.

ஆனாலும் காத்திருப்பவர்களின் தொகைக்கு இது போதாது. ஒருவர் தானம் செய்தால் எட்டுப் பேர் வரை உயிர் பெறலாம். கண்ணை மட்டும் கொடுப்பதென்றால், சில தொற்று வியாதிகளால் இறந்தவர்கள் நீங்கலாகப் பெரும்பாலோர் கொடுக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்துவிட வேண்டியிருப்பதால், உடனே தெரிவிக்க வேண்டும். அந்தச் சமயத்தில் சம்மதம் சொல்ல வேண்டியவர்கள் வீட்டாரே. அழுதுகொண்டிருக்கும்போது புதிதாக யோசிப்பது எவருக்கும் ஆகாத காரியம். ஆகையால் நேயர்கள் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நாள் இதைப் பற்றிக் குடும்பத்தோடு பேசி வைக்க வேண்டும். அபசகுனம் என்று பாட்டிமார்கள் ஆட்சேபிக்கலாம். நமது அநுபவத்தில், விஷயத்தை விளக்கிச் சொன்னால் முதலில் சம்மதிப்பவர்களும் அவர்களே.

சுந்தரமூர்த்தி நாயனார் பழமலைநாதரிடம் பன்னீராயிரம் பொன் பெற்றார். அதை அவ்வூர் மணிமுத்தாற்றில் இட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். "ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடினாற்போல" என்று நாம் பரிகாசமாகச் சொல்வதற்கும் இதுவே மூலம். ஆனால் நாயனார் ஏமாளி அல்லர். ஆற்றில் இடுமுன் பொன்னிலிருந்து மச்சமாக ஒரு துண்டு வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்தபோது இரண்டையும் உரைத்து, மாற்று ஒத்த பிறகே ஏற்றுக்கொண்டார். ஆராய்ச்சிக்காரர்கள் செய்ய வேண்டியதும் அதுதான்: துணுக்கை எடுக்கட்டும், வளர்க்கட்டும், மாற்று உரைத்துக் காட்டட்டும். அவர்களுக்கு வேண்டிய பொருளையும் பொறுமையையும் தேசம் கொடுக்க வேண்டும்.

அந்தக் குளத்திலிருந்து பொன் எழும்பும் வரையில், நாம் ஆற்றில் இடக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒரு வீட்டில் துக்கத்தோடு கொடுத்தது, எங்கோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளையாகத் திரும்பி எழுந்து நடமாடும். விருத்தாசலத்து இளைஞனின் பெயர் பதிவாகிவிட்டதா என்று விசாரித்துக் கடிதம் எழுதியிருக்கிறோம். பெரியவர் பதில் எழுதினால் நேயர்களுக்குத் தெரிவிப்போம்.